மாட்டு முடி, நாய் முடி: எருக்குழிக்குப் போகும் முன்

தை பிறந்து பொழுது நீள ஆரம்பித்ததும் மாடும் நாயும் பனிக்கால முடியை உதிர்க்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். காரிமங்கலம் பக்கம் மார்கழிப் பனி நல்லாவே இறங்கும். அதனால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். நம்ம மாவட்டத்து ஆலம்பாடி மாட்டுக்கு முடி குட்டை, தோலோடு படிந்து கிடக்கும். கலப்பின மாட்டுக்கு முடி நீளம், உதிர்வு அதிகம், உண்ணியும் அதிகம்.

உதிர்ந்த முடியைக் கூட்டிப் பெருக்கித் தெருவில் போடுகிறோம், இல்லை என்றால் கொளுத்துகிறோம். இரண்டும் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, எருக்குழியில் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது.

தேய்த்து எடுப்பது எப்படி?

முடி தானாக விழட்டும் என்று விட்டால் தீவனத் தொட்டியில் விழும், பாலில் விழும். கன்றுகள் ஒன்றையொன்று நக்கி விழுங்கும். விழுங்கிய முடி செரிக்காது. வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, சில சமயம் குடலையே அடைக்கும். கன்று ஓயாமல் முடியை நக்கினால் தாது உப்புக் குறைவு இருக்கலாம். தாது உப்புக் கலவையும் உப்புக்கட்டியும் கொடுத்துப் பாருங்கள்.

காலையில், குளிப்பாட்டும் முன், உடம்பு காய்ந்திருக்கும்போது தேய்க்க வேண்டும். பிரஷ் வாங்க வேண்டிய அவசியமில்லை. நான் பயன்படுத்துவது வைக்கோல் புரியும் காய்ந்த பீர்க்கங்கூடும்தான். நம்ம ஊரில் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. நுனியை நசுக்கி எடுத்தால் அதுவும் நல்ல பிரஷ். கழுத்தில் ஆரம்பித்து, முடி படியும் திசையிலேயே வால் வரைக்கும் போக வேண்டும். ஒரு மாட்டுக்குப் பத்து நிமிடம் போதும். கீழே ஒரு சாக்கை விரித்துக்கொண்டால் முடி அதிலேயே சேரும்.

தேய்க்கும்போது கை பார்க்கிற வேலையைக் கண் பார்க்காது. காதுக்குள், அலைதாடி மடிப்பு, மடிப் பக்கம், வாலடி — உண்ணி ஒளிந்திருப்பது இங்கேதான். இயல்பான உதிர்வில் தோல் வெளியே தெரியாது. பழைய முடிக்கு அடியில் புது முடி பளபளப்பாக இருக்கும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். பங்குனி கழிந்தும் முடி உதிராமல் சொரசொரவென்று நின்றால் குடற்புழுவோ சத்துக் குறைவோ இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடியில் என்ன இருக்கிறது?

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். உலர்ந்த 1 கிலோ முடியில் சுமார் 150 கிராம் தழைச்சத்து இருக்கிறது. 1 கிலோ தொழுவுரத்தில் சுமார் 5 கிராம்தான். கந்தகச் சத்தும் முடியில் உண்டு. கொளுத்தினால் இந்தத் தழைச்சத்து நாற்றமாகக் காற்றோடு போய்விடும்.

ஆனால் முடி மெதுவாகத்தான் மக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித முடியைத் தொட்டிச் செடிகளுக்கு உரமாக இட்டுப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சீக்கிரம் வளரும் செடிக்கு முடி மட்டும் போதாது. மக்க ஆரம்பித்த பிறகு நீண்ட நாளைக்குச் சத்துக் கொடுக்கும் என்பது அதன் சாரம். அதனால் கீரைக்கு இதை நம்ப வேண்டாம். தென்னை, மா, வாழைக்கு ஏற்றது.

முடியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. மொத்தையாகப் போட்டால் வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும். எங்கள் முறை இது: முடியைப் பிரித்து உதறி, சாணிக் கரைசலும் கோமியமும் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். எருக்குழியில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே காய்ந்த இலைதழை, அதற்கு மேல் பச்சைச் சாணி. ஈரம் காயாமல் பார்த்து, மாதம் ஒருமுறை புரட்டிவிட்டால் ஐந்தாறு மாதத்தில் முடி கையில் நொறுங்கும். தருமபுரிப் பக்கம் கருங்குறும்பை ஆடு வளர்ப்பவர்கள், கம்பளிக்கு ஆகாத கழிவு முடியையும் இதே மாதிரி மக்கவைக்கலாம்.

அந்த ஒரு கேள்வி

இந்த முடி மேல் என்ன மருந்து பட்டது?

உண்ணிக்கு என்று மாட்டின் மேல் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் எல்லாம் பூச்சிக்கொல்லிகள்தான். நாய்க்கு விடும் சொட்டு மருந்திலும் தெளிப்பிலும் இருக்கும் ஃபிப்ரோனில், வயலுக்கு அடிக்கும் அதே நஞ்சு. வயலில் ஒரு சொட்டு நஞ்சு படவிடாத நாம், நாய் முடி வழியாக அதைக் கொண்டுவந்து சேர்க்கலாமா?

இது வெறும் பயமில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு பறவைகளின் 103 கூடுகளைச் சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள். அந்தப் பறவைகள் விலங்கு முடியை எடுத்துக் கூட்டுக்குள் மெத்தை போடும். 103 கூட்டிலும் ஃபிப்ரோனில் இருந்தது. நஞ்சு அதிகம் இருந்த கூடுகளில் பொரியாத முட்டையும் செத்த குஞ்சும் அதிகம். நாய், பூனைக்குப் போட்ட மருந்துதான் முடியோடு கூட்டுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். நம்ம வயலில் காசில்லாமல் புழு பொறுக்குவதும் குருவிகள்தானே?

அதனால் மருந்து போட்ட தேதியைப் பண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தப் பருவம் முழுக்க உதிரும் முடியைத் தனியாகக் கட்டித் தூய்மைக் காவலரிடம் கொடுத்துவிடுங்கள். எருக்குழிக்கும் வேண்டாம், வேலி ஓரமும் வேண்டாம். காட்டுப்பன்றிக்காக முடிதிருத்தகத்திலிருந்து முடி வாங்கி வரப்பில் போடுபவர்களும் சாயம் பூசிய முடியை ஒதுக்கிவிடுங்கள்.

நோய்ப்பட்ட மாட்டின் முடியும் வேண்டாம். படர்தாமரை, தோல் கழலை நோய் வந்த மாட்டின் முடியையும் பொருக்கையும் கொளுத்திவிடுங்கள். கொளுத்தலாம் என்று நான் சொல்வது இதற்கு மட்டும்தான். திடீரென்று செத்த மாட்டின் முடியைத் தொடவே கூடாது. அடைப்பான் நோய்க் கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

நஞ்சில்லாமல் உண்ணியை அடக்க

பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மரபுவழி மருத்துவத்தில் மாட்டுண்ணிக்கு ஒரு கலவை உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி தலா ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, வெயில் இருக்கும் நேரத்தில் உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும். தொழுவத்துச் சுவர் வெடிப்பு, சந்து பொந்திலும் அடியுங்கள். உண்ணி ஒழியும்வரை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். இது மாட்டுக்கு மட்டும். நாயும் பூனையும் உடம்பை நக்கும். பூண்டு அவற்றுக்கு ஆகாது. அவற்றுக்குத் தினம் சீப்பு போட்டு, உண்ணியைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

முடி நன்றாகத் தேய்க்கப்பட்ட உடம்பில்தான் இந்தக் கலவை தோலில் போய்ச் சேரும். அப்படி வளர்த்த மாட்டின் முடியைத் தயங்காமல் எருக்குழியில் போடலாம். இந்தத் தையில் சாக்கை விரித்து ஆரம்பியுங்கள்; ஆடிப் பட்டத்துக்கு உரம் தயார்.