நாடுகள் கடக்கும் மோட்டார் பிரயாணமும் நமது தொழுகையும்

காரைக்காலிலிருந்து பிரான்சு தேசம் சென்று குடியேறிய நம் குடும்பங்கள் பல. கோடை விடுமுறை வந்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு நான்கைந்து நாடுகளைச் சுற்றி வருவது அங்கே வழக்கம். எந்தப் பாதை, எந்த ஓட்டல், எவ்வளவு பெட்ரோல் என்று மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். தொழுகையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அப்படிச் சொல்லிப் புறப்பட்ட பிரயாணங்களில்தான் தொழுகைகள் களாவாகின்றன. பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்து ஜெர்மனியின் மியூனிக், ஆஸ்திரியா, ஸ்லொவேனியாவின் லுப்லியானா, குரோஷியாவின் ஸாக்ரெப் வழியாக பொஸ்னியாவின் சரயேவோ சேர்வது. ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர், ஆறு நாடுகள்.

எது பிரயாணம்?

ஸ்ட்ராஸ்பர்க்கில் ரைன் நதிப் பாலத்தைக் கடந்தால் ஜெர்மனியின் கேல் என்னும் ஊர் வந்துவிடும். டிராம் வண்டியிலேயே போகலாம். நாடு மாறிவிட்டது, ஆனால் அங்கு போய்வருபவர் முஸாபிர் அல்லர். அவர் ளுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். பாரிஸிலிருந்து லியோன் நகருக்குப் போகிறவரோ ஒரே நாட்டுக்குள் இருந்தும் முஸாபிர் ஆகிறார். ஏனெனில் மார்க்கம் பார்ப்பது அரசாங்கங்கள் வகுத்த எல்லையை அல்ல, தூரத்தையும் நிய்யத்தையும்தான். தூரத்தின் அளவை இன்றைய கணக்கில் சொல்வதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் என்பது பரவலாகக் கொள்ளப்படுவது. குடியிருக்கும் ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகே கஸர் ஆரம்பமாகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. போகுமிடம் இன்னதென்று தீர்மானிக்காமல், "கால் போன போக்கில் சுற்றுவோம்" என்று புறப்படுபவருக்குக் கஸருடைய சலுகை இல்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனபி மத்ஹபிலும் அந்தத் தூரத்தை நாடிப் புறப்படுவது அவசியம். ஆகவே திட்டமிடுவது வசதிக்காக மட்டுமன்று. சலுகையே அதன் மீது நிற்கிறது.

தங்கும் நாட்களின் கணக்கு

ஓர் ஊரில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத்து வைத்தால், ஷாபிஈ மத்ஹபின்படி அங்கு சேர்ந்ததும் முகீம் ஆகிவிடுகிறோம். சரயேவோவுக்குத் திங்கட்கிழமை சேர்ந்து வெள்ளிக்கிழமை புறப்படுவதானால் இடையில் மூன்று நாட்களே, கஸர் செய்யலாம். சனிக்கிழமை புறப்படுவதானால் நான்கு நாட்களாகிவிடும். முதல் தொழுகையிலிருந்தே முழுமையாகத் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் இந்த அளவு பதினைந்து நாட்கள். அதற்குக் குறைவாயின் கஸர் செய்வது அவர்களுக்கு வாஜிபு. எனவே ஓட்டல் அறைக்கு முன்பணம் கட்டும்போதே இந்தக் கணக்கையும் எழுதி வைத்துக்கொள்க.

கஸர் ளுஹர், அஸர், இஷா மூன்றுக்கு மட்டுமே. சுபுஹும் மஃரிபும் குறையா. ஸாக்ரெபில் 1987இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலும், லுப்லியானாவில் 2020இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலும் இந்தப் பாதையில் உள்ளன. அங்கே உள்ளூர் இமாமைப் பின்பற்றி ளுஹர் தொழுதால் அவரோடு நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். இரண்டில் ஸலாம் கொடுத்து எழுந்துவிடக் கூடாது.

சேர்த்துத் தொழுதல்

அந்நாடுகளில் பகலின் நீளம் நமக்குப் பழக்கமில்லாதது. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூன் மாதம் சூரியன் மறைவது இரவு 9.30 மணி அளவில். இஷா 11 மணிக்கும் பிந்திவிடும். டிசம்பரிலோ ளுஹர் 12.30 அளவில் வந்து, அஸர் 2.20க்கெல்லாம் வந்துவிடுகிறது. ஊர்ப் பழக்கத்தில் "சாப்பிட்டுவிட்டுத் தொழலாம்" என்றிருந்தால் ளுஹர் கைநழுவிப் போகும்.

ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்யலாம். முந்திய நேரத்தில் சேர்ப்பதானால், வரிசை மாறாமல், முதல் தொழுகையிலேயே சேர்க்கும் நிய்யத்துடன், இடைவெளி விடாமல் தொழ வேண்டும். பிந்திய நேரத்தில் சேர்ப்பதானால், முதல் தொழுகையின் நேரம் முடிவதற்குள் அந்த நிய்யத்து மனதில் வந்துவிட வேண்டும். நிய்யத்தின்றி நேரத்தைக் கடத்துவது குற்றமாகும். ஹனபி மத்ஹபினர் பிரயாணத்தில் இவ்வாறு சேர்ப்பதில்லை. அவர்கள் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதுகொள்ளலாம். வண்டியை ஒரு தடவை நிறுத்தினால் போதும்.

குரோஷியாவிலிருந்து பொஸ்னியாவுக்குள் நுழையும் எல்லையில் கோடைக்காலத்தில் வண்டிகள் நெடுநேரம் வரிசையில் நிற்பதுண்டு. வரிசையில் சேர்ந்துவிட்டால் இறங்கித் தொழ வழியில்லை. ஆகவே எல்லைக்கு முன்னுள்ள ஓய்விடத்திலேயே தொழுது முடித்துவிடுக.

கிப்லாவும் உளூவும்

நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள் நாம். இந்தப் பாதை முழுவதும் கிப்லா தென்கிழக்கில் உள்ளது. பழக்கத்தில் மேற்கே திரும்பினால் கஃபாவுக்கு முதுகு காட்டியதாகும். வயதான தாய்மாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் தண்ணீர் கிடைக்கும். எனவே அங்கு தயம்மும் செய்ய இடமில்லை. குளிர்காலமாயின் தோல் காலுறையாகிய குஃப்பு அணிந்துகொள்வது நலம். முஸாபிருக்கு மூன்று பகல் மூன்று இரவு அதன் மீது மஸ்ஹு செய்யும் சலுகை உண்டு. வண்டியை நிறுத்த முடியும் நிலையில் பர்ளான தொழுகையை இருக்கையில் அமர்ந்தபடி நிறைவேற்றுவது கூடாது.

வாக்கும் அமானிதமும்

வாடகைக் காரை எந்தெந்த நாடுகளுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அனுமதியில்லாத நாட்டுக்கு ஓட்டிப்போவது வாக்கு மீறலாகும். சொந்தக் காராயினும் அதன் இன்சூரன்சு பொஸ்னியாவிலும் செல்லுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவிலும் ஸ்லொவேனியாவிலும் நெடுஞ்சாலைக்கு முன்கூட்டியே கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். ஆஸ்திரியாவின் சில சுரங்கப் பாதைகளுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. "யாரும் பார்க்கவில்லை" என்று அதை ஏய்ப்பது பிறர் உரிமையை உண்பதே.

ஊரிலிருந்து வந்த பெற்றோரின் விசாவை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். குரோஷியா 2023 முதல் ஷெங்கன் வட்டத்தில் சேர்ந்துவிட்டது. பொஸ்னியா அதில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் வந்தவர் பொஸ்னியாவுக்குள் போனால் திரும்பி நுழைய முடியாமல் தவிப்பார். அவர்களைப் பொஸ்னியாவுக்குள் அனுமதிப்பார்களா என்பதையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. பெற்றோரைப் பாதுகாப்பாகத் திருப்பிக் கொண்டுவருவதும் நம் பொறுப்பல்லவா?

புறப்படுமுன்

ஜும்ஆ கடமையானவர் வெள்ளிக்கிழமை சுபுஹு நேரம் வந்த பின் புறப்படுவதை, வழியில் ஜும்ஆ கிடைக்காதெனில், ஷாபிஈ மத்ஹபு தடுக்கிறது. எனவே வியாழன் மாலையோ சனி காலையோ கிளம்புவது நன்று. கடன்களை எழுதிவையுங்கள், மனத்தாங்கல் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள், கூட்டத்தில் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுங்கள். பிள்ளைகளில் ஒருவரிடம் அன்றாடத் தொழுகை நேரங்களை எழுதிய தாளைக் கொடுத்து, நினைவூட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். வண்டி நகர்ந்ததும் பிரயாண துஆவை எல்லோரும் சேர்ந்து ஓதுங்கள்.

சரயேவோவில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட காஸி குஸ்ரவ் பேக் பள்ளிவாசல் இருக்கிறது. ஒரு தொழுகையையும் விடாமல் அதன் வாசலில் போய் நிற்பதற்கும், ஐந்தாறு தொழுகைகளை வழியில் தொலைத்துவிட்டு அங்கு நின்று படம் எடுத்துக்கொள்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! நம் பிரயாணங்களை முதல் வகையில் ஆக்கிவைக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.