ஆண்ட்ராய்ட் போனிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறீர்களா?

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை, தறிச் சத்தம் ஓயாத நெசவாளர் ஊர். அங்கு தறி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஐபோன் ஒன்றை வாங்கித் தந்தார். கடையிலேயே சிம் கார்டை மாற்றி, திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் "ஸ்கிப்" அழுத்தி, ஐந்து நிமிடத்தில் போனைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டிற்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், குரூப்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. நூல் வியாபாரி அனுப்பிய விலை, யாருக்கு எத்தனை உருப்படி போயிற்று என்ற கணக்கு, பார்ட்டிகள் கேட்ட டிசைன் படங்கள் என ஆறு வருடச் செய்திகள் எதுவும் இல்லை. நம்மில் பலரைப் போல அவரும் வாட்ஸ்அப்பையே கணக்கு நோட்டாக வைத்திருந்தார்.

"கூகுள் டிரைவில் தினமும் பேக் அப் ஆகிறதே, அது வராதா சார்?" என்று கேட்டார். வராது. ஆண்ட்ராய்ட் போனில் வாட்ஸ்அப் தன் பேக் அப்பை கூகுள் அக்கவுண்ட்டில் வைக்கிறது. ஐபோனில் ஐகிளவுட்டில் வைக்கிறது. ஒன்றின் பேக் அப்பை மற்றொன்று திறக்காது. போன் மாற்றும் பலர் விழும் பள்ளம் இதுதான்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறுவது நம் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையை மறந்திருக்க மாட்டீர்கள். 2011 பிப்ரவரியில் அந்நிறுவனம் தன் ஸ்மார்ட் போன்களுக்கு சிம்பியனை விட்டு விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. 2014 நவம்பர் 1ல் தொழிற்சாலை மூடப்பட்டது. விண்டோஸ் 10 மொபைலுக்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த சப்போர்ட்டும் 2020 ஜனவரியில் முடிந்தது. அந்த நாட்களில் பி.சி. சூட் புரோகிராம் மூலம் போன் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தவர்கள் அதிகம் இழக்கவில்லை. இன்றும் அதே வழிதான். உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது அல்லவா? அதை நடுவில் ஒரு கிடங்காகப் பயன்படுத்துங்கள்.

முதலில் தொலைபேசி எண்கள். பழைய போனில் கான்டாக்ட்ஸ் செயலியைத் திறந்து, எண்கள் எங்கு பதிவாகி உள்ளன என்று பாருங்கள். சிம், போன், கூகுள் அக்கவுண்ட் என மூன்று இடங்களில் சிதறி இருக்கலாம். இந்தச் செயலியிலேயே "எக்ஸ்போர்ட்" கட்டளை இருக்கும். அதை அழுத்தினால் எண்கள் அனைத்தும் விசிஎப் என்ற துணைப் பெயர் கொண்ட ஒரே பைலாகக் கிடைக்கும். இதைக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள். ஆண்ட்ராய்ட், ஐபோன் இரண்டுமே இந்த வகை பைலைப் புரிந்து கொள்ளும்.

அடுத்து படங்கள். யு.எஸ்.பி. கேபிளால் போனைக் கம்ப்யூட்டருடன் இணைத்திடுங்கள். போனின் மேலிருந்து விரலை இழுத்தால் வரும் அறிவிப்பில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, கேபிள் கெட்டுவிட்டது என்று கடைக்குப் போகிறார்கள். இப்போது "திஸ் பி.சி."யில் உங்கள் போன் தெரியும். கேமராவில் எடுத்த படங்கள் டி.சி.ஐ.எம். என்ற போல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கும். ஆண்ட்ராய்ட் என்ற போல்டருக்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், மீண்டும் மீடியா என்று இறங்கிச் செல்லுங்கள். போல்டர்களை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடவும்.

இனி வாட்ஸ்அப் செய்திகள். 2022ஆம் ஆண்டு வரை இவற்றை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்ற வாட்ஸ்அப் வழி தரவில்லை. அந்த ஆண்டு, ஆப்பிள் இலவசமாகத் தரும் "மூவ் டு ஐஓஎஸ்" செயலியுடன் இணைந்து இந்த வசதி வந்தது. இந்தச் செயலியைப் பழைய ஆண்ட்ராய்ட் போனில் இன்ஸ்டால் செய்திட வேண்டும். புதிய ஐபோனை முதன் முதலாக செட் அப் செய்கையில், ஆண்ட்ராய்டிலிருந்து டேட்டா கொண்டு வரவா என்று கேட்கும் திரை வரும். கடைக்காரர் ஸ்கிப் செய்தது இந்தத் திரையைத்தான். அதில் "ஆண்ட்ராய்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் எண் ஒன்று காட்டப்படும். அதைப் பழைய போனில் கொடுங்கள். பின் வரும் பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுங்கள். இரண்டு போன்களும் சார்ஜரில் இருக்கட்டும். வேலை முடியும் வரை பழைய போனில் வேறு செயலிக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கூட ஆகலாம். முடிந்த பின், ஐபோனில் வாட்ஸ்அப் இன்ஸ்டால் செய்து அதே தொலைபேசி எண்ணைக் கொடுத்தால்தான் செய்திகள் தெரியும். யாருடன் பேசினோம் என்ற கால் பட்டியல் மட்டும் வராது.

நண்பரோ செட் அப்பை முடித்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அதிர்ஷ்டவசமாகப் பழைய போனை அவர் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. அது மேஜை டிராயரில் கிடந்தது. சிம்மை அதில் போட்டு, அதே எண்ணில் மீண்டும் வாட்ஸ்அப்பில் நுழைந்தோம். செய்திகள் அனைத்தும் அப்படியே இருந்தன. அவர் விட்ட பெருமூச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஐபோனில் அந்த இரண்டு நாட்களில் வந்த முக்கியமானவற்றை ஸ்கிரீன் ஷாட் எடுத்து, மகனுக்கு மெயிலில் அனுப்பினோம். பின்னர் ஐபோனை முழுவதும் அழித்து, முதல் திரையிலிருந்து தொடங்கினோம்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சிம்மைக் கழற்றும் முன் செட்டிங்ஸில் ஐமெசேஜை ஆப் செய்திடுங்கள். இல்லையென்றால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமல் போகலாம். அடுத்து, ஐபோன் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஹெச்இஐசி என்ற வகையில் இருக்கும். சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இவை திறக்காது. கேமரா செட்டிங்ஸில் பார்மட்ஸ் பிரிவில் "மோஸ்ட் கம்பாடிபிள்" என்று வைத்தால், அதன் பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகக் கிடைக்கும்.

பணம் கொடுத்து வாங்கிய செயலிகளை எந்தப் பக்கம் மாறினாலும் பெரும்பாலும் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும். யு.பி.ஐ. செயலிகளில் புதிதாகப் பதிவு செய்திட வேண்டும். வங்கியில் பதிவான எண்ணின் சிம் புதிய போனில் இருந்து, எஸ்.எம்.எஸ். அனுப்ப பேலன்ஸும் இருக்க வேண்டும். முதல் நாளில் பெரிய தொகை அனுப்ப முடியாமல் போகலாம். எனவே கூலி பட்டுவாடா செய்யும் சனிக்கிழமை அன்று போன் மாற்றாதீர்கள்.

பழைய போனை ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். கொடுக்கும்போது முதலில் கூகுள் அக்கவுண்ட்டை ரிமூவ் செய்து, பின்னர் பேக்டரி ரீசெட் செய்திடவும். அக்கவுண்ட்டை நீக்காமல் வேறு வழியில் அழித்த போன், அடுத்தவர் கையில் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுக் கொண்டு நிற்கும்.