பாதிக் கண்ணால் பார்ப்பவர்கள்

அன்புள்ள முகிலனுக்கு,

சித்தி எழுதுவது. நீ அனுப்பிய லோகோ, டின் லேபிள், ஆப் ஸ்கிரீன்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது உட்காரவைத்துச் சொன்னால் தேவலை என்று தோன்றியது, அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படி.

முதலில் அந்த எண்ணெய் டின். மூன்று தலைமுறையாக மஞ்சள் டின்னில் விளக்குப் படம் போட்டு நல்லெண்ணெய் விற்கிற குடும்பம். இப்போது பேரன் பொறுப்புக்கு வந்து ‘மாடர்னா வேணும்’ என்கிறார். நீயும் மஞ்சளைத் தூக்கிவிட்டு வெள்ளை போட்டிருக்கிறாய். விளக்கு தேய்ந்து தேய்ந்து ஒற்றைக் கோடாகி, கடைசியில் ஒரு துளியாக நிற்கிறது. லேப்டாப் திரையில், நட்டநடுவில், சுற்றிலும் ஏகப்பட்ட வெற்றிடம் விட்டு வைத்தால் எதுவுமே அழகுதான். மளிகைக் கடையில் அந்த டின்னுக்கு அவ்வளவு இடம் யார் தருவார்கள்? மேல் தட்டில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுக்கும் வனஸ்பதிக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும். முன்னால் ஷாம்பு சாஷே சரம் தொங்கி அதில் பாதியை மறைக்கும். வாங்க வருகிறவர் இடுப்பில் பிள்ளை, காதில் போன். அவர் டின்னைப் பார்ப்பதே கிடையாது. பாதிக் கண்ணில் ஒரு மஞ்சள் படுகிறது, ‘அதுல ஒண்ணு குடுங்கண்ணே’ என்கிறார். அந்தப் பாதிக் கண்ணுக்குத்தான் நீ வேலை செய்கிறாய். கிளையண்ட் மீட்டிங்கில் முழுக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கு அல்ல.

காலை ஐந்தரை மணிக்குப் பால் வாங்கப் போயிருக்கிறாயா? உன் அம்மாதான் போவாள், எனக்குத் தெரியும். ஒருநாள் நீ போய் நின்று கேள். ‘நிலைப்படுத்தப்பட்ட பால் அரை லிட்டர்’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘பச்சை ரெண்டு, நீலம் ஒண்ணு’ என்பார்கள். ஆவினில் ஆரஞ்சு என்றால் கொழுப்பு அதிகம், பச்சை அதற்கு அடுத்தது, நீலம் இன்னும் குறைவு. தூக்கம் கலையாத கண், இருட்டு, ஈரக் கை, சில்லறை இல்லாத அவசரம் எல்லாவற்றையும் தாண்டி அந்த நிறம் வேலை செய்கிறது. அந்தப் பாக்கெட்டில் உள்ள எழுத்துகளை அப்படி இப்படி மாற்றினால் பத்தில் ஒருவர்கூடக் கவனிக்க மாட்டார். பச்சையை நீலமாக்கிப் பார், மறுநாள் தெருவே கடை வாசலில் நிற்கும். பிராண்ட் என்பது அந்தச் சண்டைக்குக் காரணமாகிற பகுதி. மீதியெல்லாம் அச்சு.

சென்னையில் பேருந்துக்குப் பிங்க் அடித்ததும் இதே கணக்குத்தான். 2021-ல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை என்றார்கள். வெள்ளை போர்டா, டீலக்ஸா என்று வண்டி கிட்டே வந்து நின்ற பிறகுதான் தெரியும். ஏறிவிட்டு இறங்குகிற கூத்தும் நடந்தது. 2022-ல் வண்டியின் முன்னாலும் பின்னாலும் பிங்க் அடித்தார்கள். பார்க்க நன்றாயில்லை என்று கேலி செய்தவர்கள் உண்டு. நன்றாயில்லைதான். ஆனால் தூரத்தில் வரும்போதே, நிற்காமல் போய்விடுமோ என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்ணுக்கு அது விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. எனக்கு அந்தப் பிங்க் பிடிக்கும்.

2009-ல் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ் கம்பெனி செய்ததை உங்கள் கோர்ஸில் சொல்லித் தந்திருப்பார்கள். சொல்லித் தந்தும் அதையே நீ செய்திருப்பதால் மறுபடி சொல்கிறேன். ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்தியிருக்கும் படம்தான் அவர்கள் அடையாளம். அதை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் ஜூஸ் படம் போட்டார்கள், எழுத்தையும் மாற்றினார்கள். பார்ப்பதற்குச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கமாக வாங்கியவர்களுக்கு அலமாரியில் பெட்டி அகப்படவில்லை. அகப்பட்டவர்களுக்கும் அது கடைக்காரர் சொந்தமாக அடைத்து விற்கிற மலிவுச் சரக்கு போலத் தெரிந்தது. இரண்டே மாதத்திற்குள் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. பழைய பெட்டியையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்த ஜூஸ் ஒரு சொட்டும் மாறவில்லை என்பதைக் கவனி.

அதனால் மஞ்சளை அப்படியே வைத்துக்கொள். விளக்கையும் வைத்துக்கொள். விளக்கின் கோடுகள் அச்சில் கலங்குகின்றன என்றால் சுத்தப்படுத்து, சுடரைக் கொஞ்சம் பெரிதாக்கு, பெயரின் எழுத்தைத் திருத்து. அளவு, விலை, தேதியெல்லாம் தேடாமல் கண்ணில் படுகிற மாதிரி பின்பக்கத்தைச் சீர் செய். பின்பக்கம்தான் இப்போது அலங்கோலமாக இருக்கிறது. அதை நீ தொடவே இல்லை. ‘இதற்கா இவ்வளவு காசு’ என்று பேரன் கேட்பார். பழைய டின்னையும் புதிய டின்னையும் ஒரு மளிகைக் கடைத் தட்டில் வைத்துப் படம் எடுத்துக் காட்டு. கடைக்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிடம் தருவார்.

டின்னில் உள்ள க்யூஆர் கோடுக்கு நடுவில் லோகோ வைத்திருக்கிறாய், மூலைகளையும் உருட்டிவிட்டிருக்கிறாய். மூன்று மூலையில் இருக்கும் அந்தச் சதுரங்களை வைத்துத்தான் கேமரா கோடையே கண்டுபிடிக்கிறது. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் அதை உருவாக்கியபோதே, அழுக்குப் பட்டாலும் படிக்கும்படி செய்தார்கள். அதிகபட்ச நிலையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் சேதத்தைத் தாங்கும். அந்த இடத்தை எண்ணெய்ப் பிசுக்குக்கு விட்டுவை. லோகோவால் நீயே தின்றுவிடாதே.

இனி ஆப்.

நம் வாக்குப்பதிவு எந்திரத்தைத் தொழில் கண்ணோடு பார்த்திருக்கிறாயா? ஒரு வேட்பாளருக்கு ஒரு வரி. பெயர், படம், சின்னம், அதே வரியின் ஓரத்தில் நீலப் பட்டன். அழுத்தினால் அதே வரியில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு ‘பீப்’ கேட்கும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் 7 வினாடி சீட்டு தெரிந்து விழும். ‘என் ஓட்டு விழுந்ததா?’ என்ற கேள்விக்குக் கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். முதல் பொதுத் தேர்தல் நடந்த 1951-52-ல் இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் சின்னம் வந்தது. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டியே வைத்தார்கள். எந்திரம் உருவானதில் நீ இப்போது இருக்கும் பெங்களூருக்கும் பங்கு உண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த நம் எழுத்தாளர் சுஜாதாவுக்கு அதில் முக்கியப் பங்கு.

இதற்கு நேர் எதிர், 2000-ல் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டி வாக்குச்சீட்டு. அங்கே வயதானவர்கள் அதிகம். அவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கினார்கள். இடம் போதாமல் பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்து, குத்துகிற ஓட்டைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் அல் கோர் பெயர் இரண்டாவது, அவருக்கான ஓட்டையோ மூன்றாவது. இரண்டாவது ஓட்டை வலப்பக்கத்தில் இருந்த புக்கானனுக்கு. அவருக்கு அந்த ஒரு கவுண்டியில் விழுந்தது 3,400-க்கும் மேல். இரண்டு இடத்தில் குத்திச் செல்லாமல் போனவை 19,000-க்கும் மேல். அந்த மாநிலத்தில், அதன் மூலம் நாட்டிலேயே, புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 ஓட்டு. எழுத்தைப் பெரிதாக்கியவர்களின் நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கு உதவப் போய்க் கைக்கு வழியை மறைத்துவிட்டார்கள். நீ செய்திருக்கும் ‘அட்ரஸ்’ ஸ்கிரீனில் ‘சேமி’ பட்டன் ஒரு பக்கம், அது எந்த முகவரியைச் சேமிக்கிறது என்பது இன்னொரு பக்கம். பாம் பீச்சை நினைத்துக்கொண்டு அதை மறுபடி வரை.

அதே ஸ்கிரீனில் ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நீயே சொல், உன் குடும்பப் பெயர் என்ன? நமக்கு இருப்பது ஒரு பெயர், ஓர் இன்ஷியல். இன்ஷியலைப் போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சிவப்பில் திட்டுகிறது. நம் ஊர்க்காரர்கள் அந்தப் பெட்டியில் புள்ளி வைப்பார்கள், அப்பா பெயரைப் போடுவார்கள், தன் பெயரையே இரண்டாம் முறை அடிப்பார்கள். பிறகு கூரியர்காரர் ‘முகிலன் முகிலன் யாருங்க’ என்று தெருவில் கேட்டுக்கொண்டு நிற்பார். ‘பெயர்’ என்று ஒரே பெட்டி போதும். எண்ணெய் டின் அனுப்ப வம்சாவளி தேவையில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்று. நீ முழுக்க ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழைக் கொட்டியிருக்கிறாய், பார்த்தவுடன் தெரிகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 வரி இடைவெளியில் மேல் வரியின் ‘று’, ‘ழு’ வால்கள் கீழ் வரியின் ‘கீ’, ‘தி’ மேல் வளைவுகளில் போய் இடிக்கின்றன. 1.6-க்குக் குறையாமல் வை. ஆங்கிலத்தில் தலைப்பைத் தனியாகக் காட்ட எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடலாம், தமிழில் அந்த வசதி கிடையாது. அதனால் நீ போல்டை அப்பியிருக்கிறாய். சின்ன அளவில் போல்ட் போட்டால் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ண’வும் ‘ன’வும் ஒரே கறுப்புக் குண்டாகிவிடும். தலைப்பின் அளவைக் கூட்டு, கனத்தைக் குறை. பட்டனில் சொல் நீளமாகிறது என்றால் எழுத்தை நசுக்காதே, பட்டனை அகலமாக்கு. தமிழில் முதலில் வரை, ஆங்கிலம் அதில் தாராளமாக உட்காரும். மாற்றிச் செய்தால் உட்காராது.

அந்த வெளிறிய சாம்பல் எழுத்தையும் மாற்று. 999999 என்ற சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு 2.85தான் வரும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் கேட்பது 4.5. 767676-க்கு இறக்கினாலே தாண்டிவிடும். உங்கள் ஏசி அறையில் எல்லாம் தெரியும். மத்தியான வெயிலில் கடை வாசலில் நின்று போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறவருக்கு உன் ‘டெலிவரி கட்டணம் தனி’ தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அந்தச் சாம்பலோ என்று அவர் நினைத்தால் அதில் தப்பில்லை.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இதுதான். ‘மாதாமாதம் தானாக ஆர்டர்’ என்பதற்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை எடுக்கப் போனால் ‘வேண்டாம், குடும்பத்தின் ஆரோக்கியம் எனக்கு முக்கியமில்லை’ என்று ஒரு பட்டன். மேலே ‘இன்னும் 10 நிமிடத்தில் ஆஃபர் முடியும்’ என்று ஒரு கடிகாரம், பக்கத்தைத் திறந்து மூடினால் மறுபடி பத்திலிருந்து ஓடுகிறது. பாதிக் கண்ணால் பார்க்கிறவர் நம்மை நம்பித்தான் மீதிக் கண்ணை மூடுகிறார். அந்த நம்பிக்கையில் கையை விட்டுக் காசு எடுப்பது ஜேப்படி. இதை ‘கன்வர்ஷன்’ என்று ஸ்லைடில் போட்டிருக்கிறீர்கள்.

இது என் ஒழுக்க போதனை மட்டும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இந்த மாதிரி டார்க் பேட்டர்ன்களுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டு 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. பொய் அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, மூன்றும் அதில் உண்டு. உன் ஒரே ஸ்கிரீன் மூன்றிலும் மாட்டும்.

இதை நீ சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லாதே, காற்றோடு போய்விடும். உன் டீம் லீடுக்கு மெயிலாக எழுது. டிக்கை எடுத்த ஒரு மாற்று ஸ்கிரீனையும் கூடவே இணை. குறை சொல்கிறவனை விடக் குறையோடு தீர்வையும் கொண்டுவருகிறவனுக்கு அலுவலகத்தில் மரியாதை அதிகம். ‘கிளையண்ட் கேட்டது’ என்பார்கள். பெரும்பாலும் கிளையண்ட் ‘விற்பனை கூடணும்’ என்றுதான் கேட்டிருப்பார், டிக் நம் ஆட்களின் கைவேலை. நேரில் ஒருமுறை அவரிடமே கேட்கலாமா என்று கேள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் அந்த ஒரு ஸ்கிரீனை மட்டும் வேறு யாராவது செய்யட்டும் என்று சொல்லிவிடு. சண்டை போடாதே, குரலையும் உயர்த்தாதே. செய்ய மாட்டேன் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளாதே.

அதற்காக வேலையை விட்டு அனுப்பினால் கோயம்புத்தூருக்கு வண்டி ஏறு. என் ஆபீசில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, சம்பளம் பெங்களூரில் தருகிற அளவு இருக்காது. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி