கேள்விக்குறியாகிப் போன பெயர்கள்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இட்லி அவித்து விற்கும் அம்மா, கடன் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "எய்யா, துட்டு கட்டணும்னு போட்டிருக்கு, சரி. இதுல எம்பேரு எங்கய்யா இருக்கு?"

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பதின்மூன்று கேள்விக்குறிகள். அவர் பெயரை மாற்றி, முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. யூனிகோடுக்கு மகரம் தனி, உகரக் குறி தனி, புள்ளி தனி. ஆகப் பதின்மூன்று. எல்லாமே தொலைந்திருந்தன.

ஒரு கடன் நிறுவனத்தின் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பது என் வேலை. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில்தான் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. எனவே மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் கடிதம் போகும். களப்பணியாளரின் செயலியில் பதியும் பெயர் கடன் மென்பொருளுக்கும், அங்கிருந்து கணக்குப் பிரிவின் இஆர்பி மென்பொருளுக்கும், கடைசியில் அச்சகத்துக்கும் போகிறது. நான்கும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்கள் எழுதியவை.

பெயர் கெட்டிருந்தால், எப்படிக் கெட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்றுதான் அர்த்தம். தரவு பத்திரமாக இருக்கும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 தமிழை யாரோ லத்தீன் என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. அந்த 224தான் சாய்கோட்டு 'ஏ', 174தான் வட்டத்து 'ஆர்'. மராத்தியும் இந்தியும் எழுதும் தேவநாகரியில் இரண்டாவது பைட் 164 அல்லது 165. 165 ஜப்பானின் யென் குறியாகத் தெரியும். மும்பையில் இது நல்ல துப்பு. சிதைந்த வரியில் யென் தென்பட்டால் அது மராத்தியிலோ இந்தியிலோ எழுதிய பெயர். இந்த வகைச் சிதைவைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியை மீட்க முடியாது. அங்கே இருப்பது 63 என்ற பைட் மட்டுமே. பழைய எழுத்தின் சுவடே கிடையாது.

அதனால் கெட்டுப்போன இடத்திலேயே மாற்றி எழுத நிரல் போடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். சரியாக இருந்த சில நூறு பெயர்களும் இரண்டு முறை மாற்றப்பட்டு மேலும் குழம்பின. பிறகு ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் கோப்பை நிறுத்தி பைட் பைட்டாகப் பார்த்தேன். திரையை நம்பவில்லை. செயலியில் சரி. கடன் மென்பொருளில் சரி. இஆர்பி தந்த கோப்பிலும் சரி. அச்சகத்துக்குப் போன கோப்பில் 63, 63, 63. நடுவில் யாரோ எக்செல்லில் திறந்து, தேதி வடிவத்தைத் திருத்தி, சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறார்கள். அப்படிச் சேமித்தால் விண்டோஸின் பழைய குறிமுறைக்குக் கோப்பு மாறிவிடும். அதில் தமிழுக்கு இடம் இல்லை. திருத்தியவர் மேல் குற்றமில்லை. கை படும்படி அந்த வழியைத் திறந்து வைத்த எங்கள் மேல்தான் குற்றம். மூலம் செயலியில் அப்படியே இருந்ததால் பிழைத்தோம். எத்தனை மாற்றம் நடந்தாலும் முதல் பதிவை மட்டும் யாரும் தொடவிடாதீர்கள்.

நீளமும் காலை வாரும். பெயருக்கு ஒதுக்கிய இடம் ஒரு பக்கம் 35 என்றால் 35 எழுத்துக்குறி, மறுபக்கம் 35 பைட். முத்துலட்சுமிக்கு 39 பைட் வேண்டும். 35இல் வெட்டினால் "முத்துலட்சு" வரைதான் நிற்கும், அதன் பின்னால் மகரத்தின் உடைந்த இரண்டு பைட். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது பிடிபடவே படாது. குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70.

என்னை அதிக நாள் அலைக்கழித்தது கோமதி என்ற பெயர். மாதுங்கா கிளையில் பதிந்த கோமதியும் தாராவியில் பதிந்த கோமதியும் ஒரே ஆள், ஒரே எழுத்து, ஆனால் கணினி இருவர் என்றது. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியாக இருந்தது. மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு ஒன்று, பைட் கணக்கில் 15க்கு 18. உள்ளே வரும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் இது தீரும். 'ஸ்ரீ' அதற்கும் மசியாது. 2005இல் யூனிகோட் 4.1 வந்து 'ஶ' சேர்ந்தபின் அதை இரண்டு விதமாக எழுதலாம். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. நாமே விதி எழுத வேண்டும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் வந்தால் அது தனி வேலை. அங்கே 'அம்மா'வுக்கு அடியில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தமிழரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

இப்போது தினமும் இரவு முத்துலட்சுமி, இரண்டு விதக் கோமதி, ஒரு ஸ்ரீ, ஒரு மராத்திப் பெயர் என ஐந்து சோதனைப் பெயர்கள் எல்லாச் சந்திப்புகளையும் கடந்து போகின்றன. செம்பூரில் ரயில் ஏறுமுன் கைபேசியில் பார்த்துவிடுவேன், இரண்டு கோமதியும் ஒன்றாகி, மற்றவை பைட் மாறாமல் வந்து சேர்ந்தனவா என்று.