தென்னேரிக்கு ஓர் ஆசிரியர் விருந்தாளி

2024 அக்டோபரில், கனவு ஆசிரியர் விருது பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் தமிழக அரசு பிரான்சுக்கு அழைத்துப்போய் வந்தது. அப்படிப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு ஆசிரியர் பழக்கமாவார். "உங்கள் பள்ளியை நான் எப்போது பார்ப்பது?" என்று அவர் கேட்பார். அவர் வந்து இறங்கினால் எங்கே அழைத்துப்போவீர்கள்? மாமல்லபுரம் இருக்கட்டும், அதை அவரே போய்ப் பார்த்துக்கொள்வார். நீங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரிப் பக்கம் வாருங்கள். ஒரு மாலையும் அடுத்த ஒரு பகலும் போதும்.

முதலில் நாள் பாருங்கள். ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு. பாடம் நடக்கிற பள்ளியைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட் நல்லது. ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்றால் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு வாருங்கள். தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகும் ரயில் வாலாஜாபாத்தில் நிற்கும். ஆனால் சுற்றிவர வாடகைக் கார்தான் வசதி. தங்குவது காஞ்சிபுரத்தில்.

மாலை வெயில் தாழ்ந்ததும் தென்னேரி ஏரிக்கரை மேல் ஏறி நில்லுங்கள். திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். திரையன் என்றால் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். பரிசு வாங்கி வந்த பாணன் வாங்கப் போகிறவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. ஆக, இந்த ஊர்ப் பக்கம் வழிகாட்டி எழுதுவதில் நான் மிகவும் பிந்தியவன். மதகு எது, கலங்கல் எது என்று விருந்தாளிக்குக் காட்டுங்கள். மறுநாள் அவர் பார்க்கப்போகிற பிள்ளைகளின் ஊர் வயல்களில் நெல் விளைவது இப்படிப்பட்ட ஏரித் தண்ணீரில்தான்.

மறுநாள் எட்டேகாலுக்கெல்லாம் பள்ளிக்குள் இருங்கள். மணியடித்த பிறகு போனால் பாதியைத் தவறவிடுவீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று, கூடவே காய்கறி சாம்பார். கிராமங்களில் மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறார்கள்; பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா. பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, குறளும் பொருளும், செய்தி வாசிப்பு.

வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' நடப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள், ஒரே டீச்சர். வெளிநாட்டு ஆசிரியர் இதில்தான் நோட்டுப்புத்தகத்தைத் திறப்பார்.

அப்போது அவரிடம் ஆண்ட்ரூ பெல் கதையைச் சொல்லலாம். 1789இல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தவந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அவர். மணலில் எழுதிப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்ததைப் போலவே, மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித்தருவதைத் தன் பள்ளியிலும் வைத்தார். ஊர் திரும்பி 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். நம் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்பு நான் ஒருவரை ஒரு பள்ளிக்கு அழைத்துப்போனபோது சால்வை, மாலை, வரவேற்புரை, நடனம் என்று மதியம்வரை போய்விட்டது. அவர் ஒரு வகுப்பைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சால்வை வேண்டாம், வழக்கமான நாளே போதும். பிள்ளைகளைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு. சாக்லேட் பை வேண்டவே வேண்டாம். அவர் ஊர்ப் பள்ளியின் நேர அட்டவணையைக் கொண்டுவரட்டும், பிள்ளைகள் அதை விடமாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். வரிசையில் தரையில் உட்காரச் சொல்லுங்கள். பள்ளி நாளெல்லாம் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இந்த மதிய உணவு 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராயர் தொடங்கியது, 1956இல் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தது. இந்தப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று யாரும் கேட்பதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த நிறுத்தத்தில் தெரியும்.

வாலாஜாபாத்தைத் தாண்டி, பழையசீவரத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுமிடம். இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் சோழன் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் என்ன கூலி, எந்தெந்த மருந்து இருப்பில் வேண்டும், மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எவ்வளவு எண்ணெய் என்பதுவரை கணக்கு. விடுதிக் காப்பாளராக இருந்தவர் யாரும் இதைப் படித்தால் சிரித்துவிடுவார்.

யார் படித்தார்கள் என்று விருந்தாளி கேட்பார். வேதமும் இலக்கணமும் ஆகமமும் படித்தவர்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அல்ல. மழுப்பாதீர்கள். மதியம் தான் உட்கார்ந்த பந்தியை அவரே நினைத்துக்கொள்வார்.

வெளிச்சம் இருக்கும்போதே உத்திரமேரூர் சேருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள், குடவோலைத் தேர்தல் விதிகள். வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் நிலம், வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. இதுவும் பிராமணர் ஊர்ச் சபைதான். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். எழுத்தை வெட்டியிருக்கும் சுவரை விரலால் தொடவிடாதீர்கள். செங்கல்பட்டு வழியாகச் சென்னை திரும்பிவிடலாம்.

ஒன்று மறந்துபோகும், இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டுக் கிளம்பும்போது பார்வையாளர் பதிவேட்டை நீட்டுவார்கள். 'நல்ல பள்ளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட விடாதீர்கள். தனக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதி, கீழே தன் பள்ளி முகவரியைப் போடச் சொல்லுங்கள். பதில் எழுத ஐந்தாம் வகுப்பு இருக்கிறது.