தாழ்ந்த கூரைக்கு ஏற்ற விளக்கு

மூணாறு இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் பலர் லயங்களில் வாழ்கிறார்கள். லயம் என்றால் வரிசை வீடு. அறை சிறியது. பல லயங்களில் கூரை தகரத்தால் ஆனது. கூரை சரிந்து, ஓரத்தில் தாழ்ந்திருக்கும்.

இந்த அறையில் விளக்கை எங்கே வைப்பது?

நடுவில் தொங்கவிட்டால் பல்பு தலையில் இடிக்கும். கண் கூசும். ஆகவே சுவரில், தலைக்கு மேலே பொருத்துங்கள். வலது கையால் எழுதும் குழந்தைக்கு இடது பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்போது கையின் நிழல் நோட்டில் விழாது. சுவருக்கு வெள்ளை அடியுங்கள். புகை படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

எந்தப் பல்பு நல்லது?

தினமும் 5 மணி நேரம் எரிந்தால், 60 வாட் குண்டு பல்புக்கு 30 நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.ஈ.டி. பல்புக்கு 1.35 யூனிட்தான். வெளிச்சம் குறையாது. சூடும் குறைவு.

கவனம்! தகரத்தில் மின்சாரம் பாயும். தோல் உரிந்த ஒயர் கூரையில் பட்டால், தகரத்தைத் தொடுபவர் உயிரே போகலாம். மழைக்காலத்தில் ஆபத்து அதிகம். ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட வேண்டும். இ.எல்.சி.பி. என்னும் கருவியையும் பொருத்த வேண்டும். மின்சாரம் கசிந்தால் அது உடனே இணைப்பைத் துண்டிக்கும். இந்த வேலைகளுக்கு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

2017 மே 29 அன்று, கேரளத்தில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டதாக அரசு அறிவித்தது. வீட்டுக்கு வந்த மின்சாரத்தை ஆபத்தில்லாமல் பயன்படுத்துவோம்.

பயிற்சி: உங்கள் வீட்டு ஒயர் எங்காவது தகரத்தைத் தொடுகிறதா? தொடாமல், கண்ணால் பாருங்கள்.