தேர்வு அச்சமும் நம் சொற்களும்

அரையாண்டுத் தேர்வின் கணித விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வினாக்களுக்கு மட்டும் விடை எழுதியிருந்தாள். மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. வகுப்பில் தானாக முன்வந்து கரும்பலகையில் கணக்குப் போடும் பிள்ளை அவள். அழைத்துக் கேட்டேன். "கொஸ்டின் பேப்பரைக் கையில வாங்குனதும் கை சில்லுன்னு ஆயிருச்சு டீச்சர். படிச்சது ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரல" என்றாள்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். இளையாத்தங்குடிப் பக்கம் கூலி வேலை பார்ப்பவர். "டவுன்ல ஒருத்தரு ஹிப்னாடிசம் பண்ணி பரீட்சைப் பயத்தை எடுத்துருவாராம் டீச்சர். காசுதான் கூடக் கேக்குறாரு. கடனை உடனை வாங்கியாவது கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கண்ணே, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் பணிபுரியும் மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். சில நூல்களையும் படித்தேன். அறிந்ததைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அறிதுயில் என்பது என்ன?

ஹிப்னாடிசத்தைத் தமிழில் அறிதுயில் என்கிறோம். கிரேக்கர்களின் உறக்கத் தெய்வமான ஹிப்னாஸின் பெயரிலிருந்து வந்த இச்சொல்லை 1840-களில் பரவலாக்கியவர் ஜேம்ஸ் பிரெய்டு என்னும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். ஆனால் அது உறக்கமும் அன்று, மாயமும் அன்று. உடல் தளர்ந்து, கவனம் ஒன்றிலேயே குவிந்து, சொல்லப்படும் சொல்லை மனம் எளிதாக ஏற்கும் நிலை அது. இதற்கு முன்னோடியான மெஸ்மரிச முறையைக் கொண்டு, குளோரோஃபார்ம் புழக்கத்துக்கு வருமுன்பே, 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்.

இன்று பயிற்சி பெற்ற மருத்துவரும் உளவியலாளரும் சிகிச்சையின் ஒரு பகுதியாக அறிதுயிலைப் பயன்படுத்துகின்றனர். தகுதி இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது தவறு. ஆசிரியர்களாகிய நாமும் அதைச் செய்து பார்க்கக் கூடாது. மாணவியின் அப்பாவிடம் இதையே சொன்னேன்.

என்னைச் சுட்ட கேள்வி

கணக்குப் போடும்போது எண்களைச் சிறிது நேரம் ஏந்தி வைத்திருக்கும் நினைவின் கொள்ளளவு மிகச் சிறியது. 'ஃபெயில் ஆயிருவேனோ' என்ற எண்ணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு அங்கே இடமில்லை. படித்தது அழிந்துவிடவில்லை, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதை விளக்கிய மருத்துவர், "நீங்க வகுப்புல தினமும் சொல்றதும் பிள்ளைங்க மனசுல பதியுற வாக்கியந்தானே டீச்சர்?" என்று கேட்டார். "இந்த மார்க்குதான் உங்க தலையெழுத்து", "இதுவே தெரியலைன்னா பப்ளிக்ல என்ன செய்யப்போற?" என்று ஜூன் மாதத்திலிருந்து சொல்லி வந்தவள் நான்தான். அக்கறையில் சொன்னேன். பிள்ளைகள் மனத்தில் பதிந்ததோ அச்சம்.

வகுப்பறையில் செய்தது

ஜனவரி முதல் நாள்தோறும் காலையில் ஏழு நிமிடம் ஒதுக்கினேன். இது சாதாரணத் தளர்வுப் பயிற்சிதான்.

1. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுதல். பத்து முறை.

2. கைகளை ஐந்து நொடி இறுக மூடித் தளர்த்துதல். பிறகு தோள், பாதம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்த தசைத் தளர்வு முறையின் சுருக்கம் இது.

3. ஊருணிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதாக நினைத்துப் பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுதல். எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமான இடம் அது.

4. தேர்வறையில் அமர்வது, வினாத்தாளை வாங்குவது, தெரிந்த வினாவைக் குறித்துக்கொள்வது என வரிசையாக மனத்தில் காணுதல்.

5. "தெரிந்ததை முதலில் எழுதுவேன்" என்று மூன்று முறை மனத்துக்குள் சொல்லுதல். "பயப்பட மாட்டேன்" என்பது பயத்தையே நினைவூட்டுகிறது.

கண்ணை மூடச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை. விரும்பாத பிள்ளை சும்மா அமர்ந்திருக்கலாம்.

திருப்புதல் தேர்வுகளுக்கு முன் பத்து நிமிடம், மனத்தில் உள்ள கவலைகளைத் தாளில் எழுதச் சொன்னேன். யாரும் படிக்க மாட்டோம், கிழித்துப் போடலாம் என்றேன். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமிரஸ், பெய்லாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு எழுதியது தேர்வுப் பதற்றம் மிகுந்த மாணவர்களுக்கு உதவியது.

கண்ட பலன்

முதல் வாரம் சிரிப்பும் கிண்டலுமாகப் போனது. மூன்றாவது வாரத்தில், நான் வரத் தாமதமான ஒருநாள், பிள்ளைகளே தொடங்கியிருந்தார்கள். அந்த மாணவி இரண்டாம் திருப்புதல் தேர்வில் எல்லாப் பக்கங்களிலும் எழுதியிருந்தாள். மதிப்பெண் வகுப்பு முதல் மதிப்பெண் அன்று. ஆனால் அவளுக்குத் தெரிந்தது தாளில் இருந்தது. பொதுத் தேர்வில் வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில், "ஊருணியில எறங்கிட்டுத்தான் டீச்சர் படிச்சேன்" என்றாள்.

இப்பயிற்சி படிப்புக்கு மாற்று ஆகாது. பாடமே புரியாத பிள்ளையின் அச்சத்துக்கு மருந்து, பாடத்தை மறுபடி கற்பிப்பதுதான். உறக்கமோ உணவோ இல்லாமல் தவிக்கும் பிள்ளையை, வாழப் பிடிக்கவில்லை என்று பேசும் பிள்ளையை, தனியே விடாமல் பெற்றோருக்குத் தெரிவித்து, உடனே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 14416, 104 ஆகிய எண்களிலும் ஆலோசனை பெறலாம்.

பயிற்சியை ஜனவரியில் தொடங்கியது தாமதம்தான். இவ்வாண்டு ஜூனிலேயே தொடங்கிவிட்டேன். "தலையெழுத்து" என்ற சொல்லையும் என் வகுப்பில் விட்டுவிட்டேன்.